பதினாலு வீட்டுத் தெரு

நூம்பலில் ஏழு வீட்டுக்காரர்கள் பேரைக் கேட்டதுமே கதவைச் சாத்தினார்கள். அதனால் எட்டாவது வீட்டுக்கு நஜ்மா, நளினியாகக் குடிவந்தாள்.

மூன்றாம் நாளே மாடிவீட்டு வசந்தி வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இந்தத் தெருவுல பதினாலு ஊடும் நம்ம ஆளுங்கதான் நளினி. பாய் ஊடு ஒண்ணுகூடக் கிடையாது. போன வருசம் ஒரு குடும்பம் பேரை மாத்திச் சொல்லிகினு வந்துச்சு. தெரிஞ்ச அன்னிக்கே சாமானைத் தூக்கித் தெருவுல போட்டாங்க.”

நஜ்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அப்படியாக்கா?” என்றபடி எண்ணெயில் மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். நெடி ஏறித் தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில், பிறந்ததிலிருந்து பழகிய வாய் தானாகவே, “அல்ஹம்துலில்லாஹ்” என்றுவிட்டது.

போச்சு.

“யர்ஹமுகில்லாஹ்.”

தும்மியவளுக்குச் சொல்ல வேண்டிய அந்தப் பதில் வசந்தியின் வாயிலிருந்துதான் வந்தது. சொன்னவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அக்கா... உங்க நிஜப் பேரு?”

“ரூஹி. மெதுவாப் பேசுடி, பாவி!”

அப்போது எதிர்வீட்டில் யாரோ தும்மினார்கள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டினார்கள்.