மேசைக்கு வராத சாவி

காரின் ரிமோட் சாவியை இரண்டு ராத்திரி அரிசிப் பானையில் புதைத்து வைத்ததெல்லாம் வீணாகப் போயிற்று. டிரைவர் அதை உதறினார், ஊதினார், வேட்டி நுனியில் தேய்ப்பதுபோலப் பேன்ட்டில் தேய்த்து மறுபடி அமுக்கினார். கார் ஒரு கண் சிமிட்டக்கூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது சாவி வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்கப்புறம் நாலு நாள் சமர்த்தாக வேலை செய்த சாவி, இன்றைக்குப் பார்த்துக் கழுத்தை அறுத்துவிட்டது.

மணி எட்டரை. ஒன்பதுக்கு முதலாளி விமான நிலையம் கிளம்ப வேண்டும். பத்து நிமிஷம் தாமதமாக வந்த தோட்டக்காரனை வாசலோடு திருப்பி அனுப்பிய மகராசன் அவர். ஐம்பத்தெட்டு வயதில் இந்த வேலையும் போனால் வேறு எவன் ஸ்டியரிங்கைக் கையில் கொடுப்பான்?

சட்டை அழுக்காகுமே என்று வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் காரின் பக்கக் கண்ணாடியில் மாட்டினார். சாவிக்குப் புது பேட்டரி போட்டார். சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டவைத்து அமுக்கிப் பார்த்தார். சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடித்ததுதான் மிச்சம்.

அவர் இந்த வீட்டுக்கு வந்து பதினேழு வருஷம். முதலாளியம்மாவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனதும் அவர்தான், பிறந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அவர்தான். நேற்று முளைத்த இந்தக் காருக்கு அவரை அடையாளம் தெரியவில்லையாம்!

"என்னங்க, வண்டி எடுக்கலையா?"

எட்டு மணியிலிருந்து கார் ஷெட் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஆள்தான் கேட்டார். நாற்பது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. சாரைப் பார்க்க வந்திருக்கிறாராம், அம்மா இருக்கச் சொன்னாராம்.

"எடுக்காம எங்க போகும்? சும்மா நிக்கிறதுக்கு இந்த டார்ச்சைப் பிடிங்க தம்பி."

ஆள் டார்ச்சை வாங்கிப் பிடித்தார். நல்ல மனுஷன்தான்.

மாடியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "அவசரமில்லைங்க, மெதுவாவே பாருங்க." ஐந்து நிமிஷம் பிந்தினால் தெருவையே எழுப்புகிற அம்மா! டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் பெரிய மனசு.

போன் போட்டால் முதல் மணியிலேயே எடுக்கிற மெக்கானிக், இன்று மூன்றாவது தடவைதான் எடுத்தான். இந்த வீட்டுக்கு அவனைக் கூட்டி வந்து அறிமுகம் செய்து வைத்ததே டிரைவர்தான். வந்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே ஸ்டியரிங்குக்குக் கீழே, சாவிகளைப் பதிவு செய்யும் தன் பெட்டியின் வயரைச் செருகினான்.

"வண்டியில ரெண்டு சாவி பதிவாகியிருக்குண்ணே. உங்களுது அதுல இல்ல."

"செத்துப்போச்சா? டேய், தண்ணியில விழுந்துடுச்சுடா. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், சார்கிட்ட சொல்லிடாத."

"சாவி நல்லாத்தாண்ணே இருக்கு. வண்டிதான் அதை மறந்துடுச்சு." மெக்கானிக் பிடரியைச் சொறிந்தான். "நேத்து அம்மா கூப்பிட்டு, புதுசா ஒரு சாவி போடணும்னாங்க. அப்படிப் போடும்போது இருக்கிற சாவி எல்லாத்தையும் எடுத்து மேசையில வெக்கணும். மேசைக்கு வராத சாவி அழிஞ்சுடும். சாரோடது ஒண்ணு, புதுசு ஒண்ணு, ரெண்டுதான் வந்துச்சு. உங்களுது எங்கேன்னு கேட்டேன். நீங்க லீவுன்னாங்க."

"லீவா? நான் எங்கடா லீவு போட்டேன்? ஒரு பார்சலைக் குடுத்து அம்மாதான் பஸ்ல அனுப்புனாங்க. காரை ஷெட்டுல நிறுத்திட்டு டிரைவரை பஸ்ல அனுப்புறாங்களேன்னு எனக்கே சிரிப்பு வந்துச்சு. கடைசியில, போன வீடு பூட்டிக் கெடக்கு!"

மெக்கானிக் பெட்டியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிரைவருக்கோ போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் தப்பு தண்ணீர்மேல் இல்லை, தன்மேலும் இல்லை! வாய்விட்டுச் சிரித்தே விட்டார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடா. பாவம், அம்மாவுக்கு உங்க மேசைக் கணக்கெல்லாம் எங்க தெரியும்? அவசரத்துல என் சாவி ஞாபகம் வந்திருக்காது. சரி சரி, இதையும் சேத்துவிடு. ஒன்பதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

கண்ணாடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டி, பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

"சேத்துடலாம்ணே. ஆனா அதுக்கும் எல்லா சாவியும் கைக்கு வந்தாகணும்." மெக்கானிக்கின் குரல் இறங்கிப்போயிருந்தது. "ஒண்ணு சார்கிட்ட இருக்கு. அந்தப் புதுச் சாவி யார்கிட்டண்ணே இருக்கு?"

டிரைவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். அம்மா நின்ற இடம் காலியாக இருந்தது, கதவும் சாத்தியிருந்தது.

பக்கத்தில் டார்ச் அணைந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் தயங்கித் தயங்கித் தன் பையில் கையை விட்டார்.

"எங்கிட்டதாண்ணே இருக்கு. இன்னைக்கு வேலையில சேரச் சொல்லி அம்மா குடுத்தாங்க."