அத்தான் காதில் பஞ்சு

விசிலடித்து உருப்பட்டவன் உலக வரலாற்றிலேயே கிடையாது என்கிறார் அத்தான். சுற்றுலா வந்த நாட்டில், ராக் இசை அதிரும் மதுக்கூடத்தில், இரண்டு காதிலும் பஞ்சோடு அமர்ந்திருக்கிறார். ஒரு பாட்டுக்கு டிரம்ஸ் வாசிக்க யார் வருகிறீர்கள் என்று பாடகன் கேட்டதும், கல்யாணத்தோடு குச்சியைக் கீழே வைத்த அக்கா கைதூக்கிவிடுகிறாள். "மச்சான், உங்க அக்காவ உக்காரச் சொல்லு. மானம் கப்பலேறிடும்!" "ஏறட்டும் அத்தான், நாம ஃபிளைட்லதானே போறோம்?" என்கிறான் தம்பி. சிவப்பு வெளிச்சத்தில் அக்கா செருப்பை உதறிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்குகிறாள். முதல் அடி பிசகுகிறது, யாரோ சிரிக்கிறார்கள். அத்தான் தலை கவிழ்கிறது. அடுத்த அடியில் மேசைக் கோப்பைகள் நடுங்குகின்றன. கிட்டார்காரன் திரும்பிப் பார்க்கிறான். கூடமே எழுந்து கூவுகிறது. அத்தான் பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துகிறார். தம்பி பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, இரண்டு விரலை மடித்து நாக்கின்கீழ் வைக்கிறார்.