அக்காவின் பின்னல், என் தையல்

குழந்தைக் கவுனின் மேல்பாகம் அக்கா குரோஷா ஊசியில் பின்னியது. கீழே சுற்றிவரும் பருத்திப் பாவாடை நான் தைத்தது.

இரண்டையும் சேர்ப்பதுதான் பாடு. பின்னல் இழுத்த இழுப்புக்கு வரும், துணி வராது. கொஞ்சம் அவசரப்பட்டாலும் இடுப்பில் கோணிக்கொள்ளும். அதனால் முதலில் கையால் நூலோட்டி, பிறகுதான் மிஷினில் வைப்பேன்.

ஐந்து முடிந்திருந்தன. ஆறாவதை மிஷினில் வைத்த நேரத்தில், பக்கத்து நாற்காலியில் எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த அக்கா சொன்னாள், குழந்தையை எனக்குத் தர முடியாது என்று.

மிதிப்பதை நிறுத்தினேன்.

எனக்கென்றே பேசிவைத்த குழந்தை அது. அவளுக்கு ஏற்கனவே இரண்டு. எனக்குப் பதினோரு வருடமாக மருந்தும் மாத்திரையும்தான். மூன்றாவது தங்கியது தெரிந்ததும் அவளேதான் தேடிவந்து, இதை நீ வைத்துக்கொள் என்றாள். அத்தான் தலையாட்டினார். என் வீட்டுக்காரரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவுன்களுக்கு மஞ்சள் துணி எடுத்துவந்ததே அவர்தான். நூல்கண்டு சுற்ற இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என் முன்னால் உட்காருவார். விலங்கு மாட்டிய கைதி மாதிரி இருக்கிறீர்கள் என்று கேலி செய்வேன். சிரிப்பார்.

ஏன் என்று கேட்டேன். மனசு வரவில்லை என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ஆசை காட்டி மோசம் செய்துவிட்டாய் என்றேன். இரண்டு இருந்தும் ஆசை அடங்கவில்லையா என்றேன். இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்றும் சொல்லிவிட்டேன்.

ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிறவள் அக்கா. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குனிய முடியாமல் செருப்பைக் காலாலேயே துழாவினாள்.

நான் எழுந்து போய் எடுத்துப் போடவில்லை.

அவள் போன பிறகு அழுகைகூட வரவில்லை. மிஷின் முன்னால் அப்படியே இருந்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே அவர் வேலையிலிருந்து வந்துவிட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து தோளில் கைவைத்தார்.

"விடும்மா. பெத்தவளுக்குக் கடைசி நேரத்துல மனசு வராதுதான். நமக்குக் கொடுத்து வைக்கல, அவ்வளவுதான்."

அவ்வளவு இதமான குரல். அந்தக் கையில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தேன்.

அழுதுகொண்டிருக்கும்போதே உறைத்தது. அவரிடம் நான் இன்னும் எதுவுமே சொல்லவில்லை.

அக்கா உங்களுக்குப் போன் செய்தாளா என்று கேட்டேன். இல்லையே என்றார். உடனே, ஆமாம், செய்தாள் என்றார். தோளிலிருந்த கை எடுபட்டது.

உள்ளறைக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் எப்போது உன்னிடம் வந்தார் என்று மட்டும் கேட்டேன்.

"ஏழாம் மாசமே வந்துட்டாரு. ஊரான் பிள்ளைய என்னால தூக்கிக் கொஞ்ச முடியாது, ஆனா அவகிட்ட அத சொல்லவும் முடியாது, நீங்களே மாட்டேன்னு சொல்லிடுங்கன்னு கால்ல விழாத குறையா கேட்டாரு. உன் வாழ்க்கை உடைஞ்சிடக் கூடாதேன்னு பழிய நான் வாங்கிக்கிட்டேன்டி."

போனை வைத்துவிட்டு, கூடத்தில் நின்றிருந்தவரைத் தாண்டி வெளியே வந்தேன். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்தேன்.

ஏழாம் மாதம். அப்போது மூன்று கவுன்தான் முடிந்திருந்தது.

நான்காவதற்கு நான் பொத்தான் வைத்தபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார். கவுனை வாங்கி, ஒவ்வொரு பொத்தானாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்று லேசாக ஆடியது. பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளப் போகிறது, இதை மட்டும் பிரித்து இறுக்கித் தை என்றார்.

தைத்தேன்.