பதினேழு வயது மகிழ்மதி

ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றே பள்ளிக்கூடத்தில் மகிழ்மதிக்கு ஒரு வழிகாட்டியைக் கொடுத்துவிட்டார்கள். காதுக்குள் மாட்டுகிற சின்னக் கருவி. அதில் பேசுவதும் மகிழ்மதிதான், பதினேழு வயது மகிழ்மதி. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், பின்னாளில் வளர்ந்து நிற்கும் அவரவரே வழிகாட்டி.

சின்னவள் அவளை ‘அக்கா’ என்றாள். தோசையை வார்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து அம்மா பூங்கொடி பள்ளிக்கூடக் கதையைக் கேட்டால், “ஒண்ணுமில்லம்மா” என்பதோடு சரி. மொட்டை மாடிக்குப் போய்விட்டால் அக்காவோடு ஓயாத பேச்சு, சிரிப்பு. வகுப்புத் தலைவி தேர்தலில் தோற்றதற்கு அழுததும் அவளிடம்தான். பூங்கொடிக்கு அதைச் சொன்னவள் எதிர்வீட்டுக்காரி.

மகள் குளிக்கப் போனதும் கருவியை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

“ஏண்டி, பெத்தவ நான் இருக்கேன். எங்கிட்ட எதையும் சொல்லக்கூடாதுன்னு நீதான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கறியா?”

“அய்யோ, இல்லம்மா. ‘அம்மாகிட்ட சொன்னா என்ன சொல்லுவாங்க’ன்னு அவளே தெனமும் கேக்கறா.”

“நீ என்ன சொல்ற?”

“எனக்கெப்படிம்மா தெரியும்? நான் ஒருநாளும் உங்கிட்ட சொன்னதில்லையே.”