வெட்டு ஆர்டர்

“யாரை வெட்டப் போறீங்க?”

பிரின்சிபால் கேட்டது செந்தமிழ்ச்செல்விக்குப் புரியவில்லை.

“சார்?”

மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். நேற்று சாயங்காலம் அவள் சினேகிதி பவுலினுக்கு அனுப்பிய சேதி, சிவப்புக் கட்டம் போட்டு நின்றது.

‘வெட்டு ஆர்டர் வந்துடுச்சுடி. மலையிலருந்து ஆளுங்க வராங்க. ரெண்டே நாள்ல முடிச்சுடுவாங்க. அதுவரைக்கும் நான் ஸ்கூலுக்கு வரமாட்டேன். மிஸ் கேட்டா காய்ச்சல்னு சொல்லிடு.’

பள்ளிக்கூடம் கொடுத்த டேப்லெட்டில் அனுப்பியது. பாடம் படிக்க என்றுதான் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்தார்கள். அதில் யார் யாருக்கு எதை எழுதினாலும் இந்த மேசைக்கு வந்து விழும் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அது கரும்பு சார். ஆலையில வெட்டு ஆர்டர் குடுத்தாத்தான் வெட்ட முடியும். கல்வராயன் மலையிலருந்து ஆளுங்க வருவாங்க. அவங்களுக்குச் சோறாக்க அம்மாகூட நான் இருக்கணும் சார்.”

“கதை நல்லாருக்கு. உங்கப்பாவுக்குப் போன் போட்டாச்சு. வரட்டும்.”

பிரின்சிபால் திருப்பூர்க்காரர். இந்த வருஷம்தான் கள்ளக்குறிச்சிக்கு வந்தார். பனியன் தெரியும், கரும்பு தெரியாது.

அப்பா இந்தப் பக்கம் வந்தே நாளாகிறது. முன்னெல்லாம் தினம் அவர்தான் மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். இப்போது வேலை ஜாஸ்தி, பஸ்ஸிலேயே போய்க்கோ என்று சொல்லிவிட்டார்.

வெட்டு விஷயத்தை அப்பா வந்தால் ஒரே பேச்சில் முடித்துவிடுவார். செல்விக்குப் பயம் அதனால் இல்லை. சிவப்புக் கட்டத்துக்குக் கீழே, அப்பா தினம் வந்துகொண்டிருந்த நாளில் பவுலினுக்கு எழுதின இன்னொரு சேதியும் திரையில் தெரிந்துகொண்டிருந்தது.

‘எங்கப்பா சேத்து வேட்டியோட கேட்டாண்ட வந்து நிக்கறாருடி. பசங்க சிரிக்கறாங்க. வராதன்னு அவரு மனசு நோவாம எப்பிடிடி சொல்றது?’

கதவு திறந்தது. அப்பா இருசப்பன் உள்ளே வந்தார்.

செல்விக்கு ஒரு நிமிஷம் அடையாளமே தெரியவில்லை. பேன்ட், தேய்த்த சட்டை, காலில் ஷூ. சித்தப்பா கல்யாணத்துக்கு எடுத்தது, அதற்கப்புறம் பெட்டியைவிட்டு வெளியே வராதது. பிரின்சிபாலுக்குப் பயந்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார், பாவம்.

சிவப்புக் கட்டத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு இருசப்பன் சிரித்தார்.

“வெட்டு ஆர்டர் எனக்குத்தாங்க வந்துக்குது. புடிச்சி உள்ள போடறதுன்னா என்னயப் போடுங்க.”

ஆலையிலிருந்து போனுக்கு வந்திருந்த மெசேஜைக் காட்டினார். பிரின்சிபாலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“தப்பா எடுத்துக்காதீங்க. மிஷின்தான் கட்டம் போட்டுக் காட்டுச்சு. அதுக்கு வெட்டுன்னா வெட்டுதான்.”

“பரவால்லீங்க. காய்ச்சல்னு பொய் சொல்லச் சொன்னது தப்புதான். அத நான் வூட்டுல கேட்டுக்கறேன்.”

செல்வி மெதுவாக நகர்ந்து, கம்ப்யூட்டருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

“இதெல்லாம் வாரா வாரம் உங்க போனுக்கும் அனுப்பறமே. பாக்கறதில்லையா?” என்றார் பிரின்சிபால்.

செல்வி அப்பாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

“ஆலை மெசேஜத் தவிர எனக்கு ஒண்ணும் தொறக்கத் தெரியாதுங்க.”

செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“கத்துக்குங்க. பிள்ளைங்க என்ன பேசுதுன்னு பெத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“வேணாங்க.”

“என்னங்க இப்படிச் சொல்றீங்க? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்களத்தானே வந்து கேப்பீங்க?”

“கேப்பேங்க. சண்டைகூடப் போடுவேன். கெட்டவன் எவனா உள்ள பூந்து பேசறானான்னு பாருங்க, வேணாங்கல. ஆனா ரெண்டு பொண்ணுங்க சினேகிதமா பேசிக்கினு இருக்கறத எனக்கு இன்னாத்துக்கு அனுப்பறீங்க? நான் கேக்கறதுக்குன்னா பொண்ணு எங்கிட்டயே சொல்லியிருக்குமே. இனிமே அனுப்பாதீங்க.”

பிரின்சிபால் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ரெண்டு நாள் லீவு எடுத்துக்கம்மா. காய்ச்சல் வேண்டாம், கரும்புன்னே சொல்லிக்கறேன்.”

வெளியே வந்தார்கள். கேட்டில் வழக்கம்போலப் பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. மொபெட்டையும் காணோம்.

“வண்டி எங்கப்பா?”

“தோ, அப்பிடிக்கா போவணும்.”

டீக்கடையைத் தாண்டி, சிமென்ட் கடையைத் தாண்டி, மெயின் ரோட்டைவிட்டு ஒரு சந்துக்குள் திரும்பினார்கள். அங்கே, சுவரோரமாக, டயரெல்லாம் சேறோடு நின்றது வண்டி. பின்சீட்டில் காய்ந்த கரும்புச் சோகை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையால் தட்டிவிட்டு, குனிந்து ஷூவைக் கழற்றினார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. ஹேண்டிலில் தொங்கிய பைக்குள் ஷூவைத் திணித்தார். உள்ளே அந்தச் சேற்று வேட்டி மடித்தபடி இருந்தது.

“ஏம்பா இவ்ளோ தூரத்துல வுட்ட? கேட்டாண்டயே நெழலு இருக்குதே.”

இருசப்பன் வண்டியை மிதித்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“மனசெல்லாம் ஒண்ணும் நோவல கண்ணு. குந்து, போவலாம்.”