உயிருடன் உள்ளார்

“இந்த வருசமும் உயிரோடதான் இருக்கன் மனே. பதிஞ்சிருங்க.”

ரதீஸ் கணினியிலிருந்து நிமிர்ந்தான். ‘சீதேவிப்பிள்ளை’ என்று இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அந்த அம்மா வாங்குப் பலகையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். காது மந்தம் போலும்.

கிரானிலிருந்து முதல் பஸ்ஸில் செங்கலடிக்கு வந்திருக்கிறாள். காணாமற்போனவர்களின் விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் அந்தச் சிறிய அலுவலகத்தில், பிள்ளையைத் தேடும் தாய் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து தலைகாட்ட வேண்டும்.

“வராட்டி என்ன நடக்கும் எண்டு தெரியும்,” என்றாள். “பக்கத்து வளவு அன்னப்பூரணி செத்ததோட, அவட மகன்ட பேரும் கம்பியூட்டரில இல்லாமப் போயிட்டு. ரெண்டாந்தரமும் பிள்ளையத் துலைச்ச மாதிரி.”

அது உண்மைதான். பெற்றோருக்கு ஓர் அட்டவணை, பிள்ளைகளுக்கு ஓர் அட்டவணை. பெற்றோரின் பதிவை நீக்கினால், அதோடு இணைத்த பிள்ளையின் பதிவும் தானாக அழிந்துவிடும். ரதீஸ் வேலைக்கு வருமுன் யாரோ அப்படி அமைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “நேத்து அதை மாத்திட்டன் அம்மா. இனித் தாய் செத்தா, செத்த திகதியை மட்டும் எழுதுவம். பிள்ளைட பதிவு அப்படியே கிடக்கும்.”

“அன்னப்பூரணிட பொடியன்?”

“அழிஞ்சது அழிஞ்சதுதான். திருப்பி எடுக்க ஏலாது.”

“எங்கட தவநேசன்?”

“இருப்பார்... பேர் இருக்கும்.”

“ஆள் வருவானா எண்டு கேக்கல்ல மனே. அது எனக்குத் தெரியும்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பதுளை வீதியில் ஒரு பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவள் கணினியின் முதுகையே பார்த்தபடி இருந்தாள்.

“தாய் இல்லாட்டியும் அவன்ட பேர் அழியாது. அம்மாளாணை?”

“அம்மாளாணை.”

சீதேவிப்பிள்ளையின் பெயருக்கு நேரே ‘உயிருடன் உள்ளார்’ என்று பதிய அவன் விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனான். அவள் மேசைக்குக் குறுக்கே எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

“அப்ப இனி நான் அவட பேரில வரத் தேவையில்ல. உண்மையைப் பதியுங்க மனே. சீதேவியக்கா செத்து மூண்டு மாரி போயிட்டு.”