எதிர்வீட்டுக் கை

கம்பிக் கதவின் இடுக்கு வழியாக ஒரு கை உள்ளே நீண்டிருந்தது. செருப்பு அலமாரியின் மேலிருந்த அதிர்ஷ்ட மூங்கில் சாடியை அது துழாவிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கஞ்சியோடு சமையலறையிலிருந்து வந்த சுக்யீ திகைத்து நின்றாள். மணிக்கட்டில் கிடந்த பச்சைக்கல் வளையலைப் பார்த்ததுமே ஆள் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு குவோக் அக்கா.

“திருட்டுக் கை! எடுங்க வெளிய!”

கை விருட்டென்று பின்வாங்கியது. சும்மா போகவில்லை, ஒரு தண்டையும் உருவிக்கொண்டு போனது.

சாடியில் இருந்தவை ஐந்து தண்டுகள். அவளுக்கு ஒன்று, கணவன் காம்ஃபாய்க்கு ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்று. அதில் ஒன்று போனால் மிச்சம் நாலு. நாலு சாவுக்கு உரிய எண் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். விடிந்தால் காம்ஃபாய்க்கு இதய ஆபரேஷன்.

ஏற்கெனவே காலையிலிருந்து அவள் நொந்துபோயிருந்தாள். மூங்கிலுக்குத் தண்ணீர் மாற்றுவது, இலை துடைப்பது எல்லாம் காம்ஃபாயின் வேலை. அவன் ஆஸ்பத்திரியில் படுத்த பத்து நாளில் சாடியை யாரும் கவனிக்கவில்லை. இன்று பார்த்தால் ஒரு தண்டு அடியிலிருந்து நுனிவரை மஞ்சள். அதை விட்டுவைத்தால் மற்றதும் அழுகும். எடுத்தால் நாலு. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் இன்று சீனப் புத்தாண்டின் மூன்றாம் நாள், கௌலூன் பூக்கடைகள் ஏழாம் நாள்தான் திறக்கும். தங்கைக்குப் போன் போட்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி ஒரு மணி நேரம் இதையெல்லாம் சொல்லி அழுதிருந்தாள்.

இப்போது இது வேறு.

கம்பிக் கதவைத் திறந்து வராந்தாவுக்குப் பாய்ந்தாள். அதற்குள் குவோக் அக்கா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கம்பிகளுக்குப் பின்னால் நின்றாள்.

இரண்டு பேருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சுக்யீ தன் வாசலுக்கு மேலே மாட்டிய எண்கோணக் கண்ணாடிதான் காரணம். வீட்டுக்கு வருகிற கெட்டதையெல்லாம் திருப்பி அனுப்புகிற கண்ணாடி அது. திருப்பி அனுப்பினால் நேரே எதிர்வீட்டுக்குத்தானே போகும்?

“பழி வாங்க உங்களுக்கு வேற நாளே கிடைக்கலையா? நாளைக்குக் காலையில அவர் நெஞ்சைக் கிழிக்கப்போறாங்க!”

“கத்தாதேடி. இன்னிக்கு மூணாம் நாள். இன்னிக்குப் போடற சண்டை வருஷம் பூரா ஓடும்.”

“அது தெரிஞ்சுதான் திருட வந்தீங்களா?”

“அது தெரிஞ்சுதான் உன் கதவைத் தட்டல. இன்னிக்கு யார் வீட்டுக்குள்ளயும் கால் வைக்கக் கூடாது. அதான் கையை மட்டும் விட்டேன்.”

“கை வந்தா மட்டும் கணக்கில்லையா?”

“கைக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே.”

சுக்யீக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் குடியிருப்பது பதினாலாவது மாடி. நாலுக்குப் பயந்து லிஃப்டில் அந்தப் பட்டனைக்கூட அமுக்காமல், பதிமூன்றில் இறங்கி மூச்சு வாங்கப் படியேறி வருகிற மனுஷி இந்த குவோக் அக்கா. இவளே அடுத்த வீட்டை நாலாக்கலாமா?

“எங்க வீட்ல என்ன நடந்தா உங்களுக்கு நிம்மதி? வாய் விட்டே சொல்லிடுங்க!” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

குவோக் அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

“சாடிக்குத் தண்ணி மாத்தி எத்தனை நாளாச்சு? நாத்தம் என் வீடு வரைக்கும் வருது. குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தாதீங்க, ஒரு ராத்திரி பிடிச்சு வெச்சு ஊத்துங்கன்னு உன் வீட்டுக்காரர் இந்த மாடிக்கே பாடம் எடுப்பார். அவர் பொண்டாட்டி வளக்கிற லட்சணம் இது.”

“பேச்சை மாத்தாதீங்க. எடுத்த தண்டைக் குடுங்க!”

“குடுக்க மாட்டேன்.”

“ஏன்?”

“முதல்ல போய் எண்ணிட்டு வந்து கத்து. அடுப்புல எனக்கு முள்ளங்கிக் கேக் வேகுது.”

சுக்யீ கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து எண்ணினாள்.

ஐந்து.

நம்பிக்கை வராமல், ஒவ்வொன்றாக விரலால் தொட்டு மறுபடி எண்ணினாள். ஐந்தேதான். ஐந்தும் பச்சை. காலையில் பார்த்த மஞ்சள் தண்டு எங்கேயும் இல்லை. சிவப்பு ரிப்பனுக்குள் புதிதாகச் செருகியிருந்த ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அரை விரல் உயரமாக இருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் வராந்தாவைக் கடந்தாள். எதிர்வீட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். குவோக் அக்கா தினமும் துடைத்துத் துடைத்து வளர்க்கிற சாடி, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதிலும் ஐந்து தண்டுகள். நாலு பச்சை. நடுவில் ஒன்று மஞ்சள்.

“அக்கா...”

“என்ன, எண்ணியாச்சா?”

“அந்தப் பழுத்ததைத் தூக்கிப் போட்டிருக்கலாமேக்கா.”

“போட்டா என் வீடு நாலாயிடாதா?”

“அதை வெச்சிருந்தா உங்களோடதும் அழுகிடுமே!”

குவோக் அக்கா அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை.

“அழுகினா அழுகட்டும். நாளைக்கு என் வீட்ல யாருக்கும் ஆபரேஷன் இல்லையே.”